நான்காம் கேட்

தினமும் விடிகாலை மூன்றுக்கு
அது செத்துப் பிழைக்கும்படி
எனக்கு முன்னால் இருந்தவர் ஒரு வரி எழுதியிருந்தார்.
பக்கத்தில் குறிப்பு: தற்காலிகம்.
தேதியைப் பார்த்தேன்.
நான் சோஹாருக்கு வர நாலு வருஷம் இருந்தது அப்போது.

துறைமுகத்தின் நான்காம் கேட்.
லாரி வந்து நிற்கும், கேமரா நம்பரைப் படிக்கும்,
எங்கள் நிரல் டேட்டாபேஸிடம் கேட்கும்:
இவனை விடலாமா?
விடலாம் என்றால் கம்பி எழும்.
இதற்குப் போய்
காலையில் இருநூறு எம்பி, மாலையில் எண்ணூறு.
இந்த ஊர் ஆகஸ்ட் மாதிரி,
பகலில் ஏறியது ராத்திரியும் இறங்காது.

முப்பத்தொன்றாம் தேதி மூன்று மணி வரைகூடத் தாங்கவில்லை.
பதினொன்றரைக்கே சுருண்டு விழுந்தது.
ரவுண்டானா வரை எழுபது லாரி.
ஹைதம் அல் பலூஷி போனில் சத்தம் போடவில்லை,
அவருக்கும் சேர்த்து ஹாரன்கள் போட்டன.
"ரெஜினாள், பார்" என்றார்.

பார்த்தேன்.
மளிகைப் பையைத் தரையில் கவிழ்ப்பதுபோல்
ஹீப்பைக் கொட்டி எண்ணினேன். தொண்ணூறு எம்பி.
குப்பை அள்ளுகிறவன் ஒழுங்காக வந்துபோகிறான்.
வெளியே எண்ணூறு, உள்ளே தொண்ணூறு,
மிச்சம் யார் மடியில்?

வீட்டுக்குள் இன்னொரு வீடு இருந்தது.
சி மொழியில் கட்டிய கிளையன்ட் லைப்ரரி.
அங்கே குப்பை வண்டி போகாது.
வாங்கிய பாத்திரத்தை
வாங்கியவர்தான் திருப்பித் தரவேண்டும்.

முதலில் லைப்ரரியைத் திட்டினேன்.
பதிப்பை ஏற்றினேன், இறக்கினேன்,
கனெக்‌ஷனைப் பத்திலிருந்து இரண்டாக்கினேன்.
சோதனைக் கணினியில்
ஒரு லட்சம் முறை கேட்டேன், விடலாமா விடலாமா என்று.
கோடு படுத்தே கிடந்தது.
ஒன்பது நாள் இப்படி.

பத்தாம் நாள் கேட்டுக்கே போனேன்.
செருப்பு வழியாகத் தார் சுட்டது.
காவலுக்கு மொக்லேசுர்,
மடியில் கோடு போட்ட நோட்டு.
"திரும்பின வண்டிங்க, மேடம். நான் எழுதி வச்சுக்குவேன்.
மாசக் கடைசியில பெர்மிட் முடிஞ்சிரும்,
பக்கம் போதாது."

அங்கேயே, வெயிலில், எனக்கு உறைத்தது.
லட்சம் முறை நான் கேட்டது
அனுமதி உள்ள ஒரே வண்டியை.

நிரலைத் திறந்தேன்.
இல்லை என்று பதில் வந்தால் உடனே வெளியேறு.
விடுவிக்கும் வரி அதற்கும் கீழே,
ஆம் வாங்கியவர்கள் மட்டும் போய்ச்சேரும் இடத்தில்.

உள்ளே விட்டவர்களை
அது கம்பி எழுந்த நொடியே மறந்தது.
திருப்பி அனுப்பியவர்களை வைத்திருந்தது,
ஒவ்வொருவரையும், லைசென்ஸ் போட்டோவோடு,
ஆளுக்கு ஒன்றரை எம்பி.
அறுநூறு எம்பிக்கு நானூறு பேர்.
மொக்லேசுர் நோட்டில் அன்றைக்கு முந்நூற்றுத் தொண்ணூற்றாறு.
"நாலு குறையுதே?"
"டீக்குப் போயிருப்பேன்."

நினைவகத்தைக் கோப்பாக எடுத்து
எழுத்துகளைத் தேடிய ராத்திரி
பெயர்களாக வந்தன.
ஷேர் ஜமான். குர்விந்தர். அப்துல் லத்தீஃப்.
செல்லத்துரை, செல்லத்துரை, செல்லத்துரை.
ஒரே நாளில் மூன்று தடவை வந்து பார்த்திருக்கிறார்.
முகம் பார்க்கத் தேவையில்லை எனக்கு.
பார்த்தேன்.
போட்டோவுக்காகத் தலை வாரியிருந்தார்.

ஒரு வரியை நாலு வரி மேலே ஏற்றினேன்.
அவ்வளவுதான் திருத்தம். காரணம் என்று கேட்ட கட்டத்தில்
"முடிவைத் திருப்பித் தரவில்லை" என்று எழுதினேன்.
மாலையிலும் இருநூறு. மறுநாளும் இருநூறு.
ஹைதம் கட்டைவிரல் படம் அனுப்பினார்.

மாசக் கடைசி. ஒன்பது மணிக்கு மொக்லேசுர் போன்.
பின்னால் இன்ஜின்கள் உறுமிக்கொண்டிருந்தன.
"இன்னைக்கு ஐந்நூத்திப் பன்னெண்டு, மேடம்.
உங்க மெஷின்ல எவ்வளவு?"
இருநூறு, என்றேன். ஏறவே இல்லை.
கொஞ்ச நேரம் பேச்சில்லை. பக்கம் புரளும் ஓசை.
"ரெண்டும் ஒத்துவரலியே" என்றார்.